ஒன்பதாவது வார்டின் கையெழுத்து

அன்று காலை எங்கள் வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். நான், என் இளைய தம்பி சின்னவன், அவன் மனைவி, சமையல்காரம்மா, தையல்காரர். வாசலில் காரோட்டி நின்றிருந்தார். அவர் உள்ளே வரவில்லை என்பதால் அவரைச் சேர்க்கவில்லை. மூத்த தம்பி பெரியவன் ஒன்பதரை மணிக்கே நகர மன்றத்துக்குப் போய்விட்டான். ஆகையால் நடந்ததில் அவனுக்குப் பங்கில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மற்றதை நிதானமாகச் சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. இந்த மழையில் நீங்களும் எங்கே போகப்போகிறீர்கள்?

எங்கள் அப்பா இந்த ஊர் நகர மன்றத்துக்குப் பத்தொன்பது வருடம் தலைவராக இருந்தார். அவருக்குப் பிறகு பெரியவன் பதினைந்து வருடம். நாங்கள் அந்த நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டோம் என்று இப்போது பேசுகிறார்கள். அப்படி இல்லை. சொந்த வீடு உள்ளவர்களுக்கு மட்டும் வாக்கு இருந்த காலம் அது. அவர்கள் எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்றவர்களை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்கச் சொல்லிச் சட்டமும் இல்லை.

போன வருடம் சட்டம் மாறியது. இருபத்தொரு வயதானால் போதும், வீடு இருக்கிறதா என்று கேட்கமாட்டார்கள், எழுதப் படிக்கத் தெரியவேண்டியதும் இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, பெட்டியின்மேல் ஒரு படம். எங்கள் பக்கத்துக்கு விளக்கு. எதிர்ப்பக்கத்துக்கு வாளி. நான் வெயிலில் ஒன்றேகால் மணி நேரம் வரிசையில் நின்றேன். உட்காரச் சொல்லி நாற்காலி கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றேன்.

எனக்கு முன்னால் தெருக் கூட்டுகிறவள் ஒருத்தி நின்றாள். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன பெரியம்மா, நீங்களும் வரிசையிலயா? உலகம் அழியப்போவுதா என்ன?"

"அழியாது. ஓட்டுத்தான் போடப்போறேன்."

"போடுங்க, போடுங்க. உங்க வீட்ல மூணு ஓட்டு, எங்க வீட்ல ஏழு. இத்தன நாளா இது யாருக்கும் தெரியாமப் போச்சு பாருங்க."

வரிசை முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவள் சொன்னது எனக்குப் புரிந்தது.

சின்னவன் வக்கீல். எனக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது பிறந்தவன். அவனைப் பெற்ற மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். பால் புகட்டியதிலிருந்து சட்டப் படிப்புக்குப் பெட்டி கட்டி அனுப்பியதுவரை நான்தான். அதனால் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று சிலர் சொல்வார்கள். ஆகவில்லை, அவ்வளவுதான். அதற்கு அவன் காரணமில்லை.

தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சின்னவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அண்ணா, நான் ஒன்பதாவது வார்டுல நிக்கப்போறேன்."

"நில்லு. நல்ல வார்டு. மூக்கப் பிடிச்சுக்கிட்டு நில்லு."

"வாளிச் சின்னத்துல."

பெரியவன் கரண்டியைக் கீழே வைத்தான். "வாளியா? எதுக்குடா, என்னத் தலைமுழுகவா?"

"குடிக்கிறதுக்கே தண்ணி இல்லண்ணா அங்க. எங்கேர்ந்து முழுகுறது?"

பெரியவன் சிரித்துவிட்டான். அவன் எப்போதும் அப்படித்தான், சின்னவன் வாயைத் திறந்தால் உருகிவிடுவான். நான் சிரிக்கவில்லை. ஒன்பதாவது வார்டுக்கு மூன்று தடவை குடிநீர்க் குழாய் அனுமதியானது. மூன்று தடவையும் எங்கள் தெருவோடு நின்றது. குழாய் என்றால் எங்காவது நிற்கத்தான் வேண்டும். அதற்காக ஒரு தம்பி அண்ணனுக்கு எதிராக ஊர் முன்னால் நிற்கவேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

நின்றான். நாற்பத்தொரு வாக்கில் ஜெயித்தான். மொத்தம் பதின்மூன்று வார்டில் வாளிக்கு ஏழு, விளக்குக்கு ஆறு.

அந்த ஏழு பேரும் என்ன செய்யப்போகிறார்கள் என்று தேர்தலுக்கு முன்பே துண்டுச்சீட்டு அடித்துக் கொடுத்திருந்தார்கள். முதல் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம். தலைவர் என்ற பதவியே இனி இல்லை. ஊர் மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் குழு, தண்ணீருக்கு ஒருவர், சாலைக்கு ஒருவர், இப்படி. கதவு திறந்து வைத்துத்தான் கூட்டம். முதல் கூட்டத்தில் தோற்றால் அந்தத் தீர்மானத்தை மூன்று வருடத்துக்கு மறுபடி கொண்டுவர முடியாது.

நகர மன்றச் சாசனம் எனக்குப் பாராமல் தெரியும். அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு நான்தான் அதைப் படித்துக் காட்டினேன். புதிய உறுப்பினர் முதல் நாள் பகல் பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் உறுதிமொழிப் புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும். இடாதவருக்கு அன்று வாக்கில்லை. புதிய மன்றம் வேறு முடிவு செய்யும்வரை பழைய தலைவரே நாற்காலியில் இருப்பார்; அவர் பதின்மூன்று பேரில் சேராதவர். இரு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் அவர் கை தூக்கலாம்.

ஒரு கையெழுத்து குறைந்தால் ஆறுக்கு ஆறு. பிறகு பெரியவனின் கை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. வாளிக்காரர்களும் கண்டுபிடித்திருந்தார்கள். தங்கள் ஆட்களைப் பதினொரு மணிக்கே மன்றத்தில் இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுதிமொழி எடுக்கும்போது அப்பாவின் அங்கியைப் போட்டுக்கொள்வது. கனமான கறுப்புக் கம்பளி. தலைவராவதற்கு வெகுகாலம் முன்பு, வெறும் உறுப்பினரானபோதே அப்பா போட்டார், பிறகு பெரியவன் போட்டான். சின்னவன் தன் மனைவியிடம் சொல்லியனுப்பி அதைக் கேட்டான். வாளிக்காரனுக்கு அங்கி எதற்கு என்று முதலில் மறுத்துவிட்டேன். கூட்டத்துக்கு முந்தின நாள், காலை பத்து மணிக்கு வந்து போட்டுக்கொண்டு போ என்று ஆள் அனுப்பினேன்.

அந்த அங்கி மாடியில் பெட்டி அறையில், தகரப்பெட்டிக்குள் பதினைந்து வருடமாக இருந்தது. இப்படிப்பட்டதை எடுத்தால் சமையல்காரம்மா ஒரு பகலாவது வெயிலில் போட்டு, பிரம்பால் தட்டி, தூசு போக உதறித்தான் தருவாள். வழக்கம்போல வந்து கேட்டாள். வேண்டாம் என்று சொன்னேன். மழை என்று இப்போது சொல்லலாம். அந்த வாரம் மழை இல்லை.

சின்னவனுக்கு மூச்சிரைப்பு உண்டு. நாலு வயதில் கண்ணாமூச்சி விளையாடி அதே பெட்டி அறையில், அதே அங்கிக்குள் ஒளிந்துகொண்டான். வெளியே தூக்கிவரும்போது உதடு நீலம். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் இருமல், பிறகு விசில்போல ஒரு சத்தம், பிறகு பேச்சு நின்றுபோகும், பிறகு சத்தமும் நின்று தூங்கிவிடுவான். மொத்தம் இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனதில்லை. எழுந்ததும் பசிக்கிறது என்பான்.

நான் நினைத்தது அவ்வளவுதான். இரண்டு மணி நேரம். பதினொன்றுக்குத் தொடங்கினால் ஒன்றுக்கு முடியும். பசிக்கிறது என்பான், சாப்பாடு போடுவேன். மூன்று வருடம் அமைதியாகக் கழியும்.

பத்து மணிக்குச் சின்னவனும் அவன் மனைவியும் வந்தார்கள். அவள் ஆசிரியை. நன்றாகப் படித்தவள், ஆனால் எதையும் முகத்தில் மறைக்கத் தெரியாது.

"நீங்க கூப்பிட்டு அனுப்புவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல அண்ணி. இவரு ராத்திரியே அங்கியப் போட்ட மாதிரி நடந்து பாத்துக்கிட்டிருந்தாரு."

"வீட்டுப் பிள்ளை. வேற யாரக் கூப்பிடுவேன்?"

தையல்காரர் சின்னவனின் தோளை அளந்துவிட்டு உச்சுக்கொட்டினார். "ஐயாவுக்குத் தோளு கம்மி. அப்பாவோட அங்கி ரெண்டு ஆளுக்குக் காணும்."

"பரவால்ல. ஒரு பாதில நான், மறு பாதில ஒன்பதாவது வார்டு."

"அப்ப அங்கி பத்தாதுங்க. அந்த வார்டுல ஜனம் ஜாஸ்தி."

எல்லோரும் சிரித்தார்கள். தேநீர் வந்தது. குடித்தோம். அவன் என்னைப் பார்த்து, "உனக்கு என் மேல கோவம் இல்லையேக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அதுவும் உண்மைதான். கோபத்தில் செய்வதற்கு நான் ஒன்றும் சின்னப் பெண் இல்லை.

பத்தே முக்காலுக்கு மன்றத்திலிருந்து தொலைபேசி வந்தது. பெயர் வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நீ முன்னால் காரில் போய், ஒன்பதாவது வார்டைக் கடைசியில் கூப்பிடச் சொல், அவன் அங்கியைச் சரிசெய்துகொண்டு பின்னாலேயே நடந்து வந்துவிடுவான், ஐந்து நிமிட நடைதானே என்று அவளிடம் சொன்னேன். நல்ல யோசனை. என்னுடையதுதான். அவள் கிளம்பும்போது பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து என் கையில் வைத்தாள். கண்ணாடிக் குழாய், ஒரு முனையில் ரப்பர் உருண்டை. அழுத்தினால் வாய்க்குள் மருந்து புகைபோலப் போகும்.

"தூசு பட்டா இவருக்கு ஆகாது அண்ணி. எதுக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும். உங்களுக்குத் தெரியாததா."

வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

தையல்காரரின் நூலைப் பார்த்தேன். இது பழுப்பு ஓடுகிறதே, வேறு வாங்கி வாருங்கள் என்றேன். "கறுப்புலயே ஒன்பது கறுப்பு இருக்கும்மா, இது நல்ல கறுப்பு" என்று வாதாடினார். பிறகு வெயிலுக்குக் குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். நூல் நல்ல கறுப்புதான்.

பதினொன்று பத்துக்கு நானும் சின்னவனும் மாடிக்குப் போனோம். தகரப்பெட்டி கனம், கீழே கொண்டுவர முடியாது என்று சொல்லியிருந்தேன். பெட்டியை அவனே திறந்தான். அங்கியை எடுத்ததும் முகத்துக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தான். அப்பாவின் வாசனை இன்னும் இருக்கிறது என்றான். அதை அவனை யாரும் செய்யச் சொல்லவில்லை. அவன் உடுத்திக்கொள்ளட்டும் என்று நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

முதலில் இருமல் கேட்டது. பிறகு விசில். வரிசை மாறவில்லை.

"அக்கா, அந்தக் குழாய்... அவ பையில."

"அவ போயாச்சு. பதறாத. குனிஞ்சு உக்காரு. கைய முட்டியில வச்சுக்க. மெதுவா விடு."

"மணி என்ன?"

"நேரம் இருக்கு."

சமையல்காரம்மா வெந்நீர் கொண்டுவந்தாள். படியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அவள் தயங்கினாள். "தம்பிக்கு இழுக்குது போலிருக்கேம்மா" என்றாள். "எனக்குக் காது கேக்குது, போ" என்றேன். அவள் உங்களிடம் சொன்னது எல்லாம் உண்மை. முப்பது வருடம் எங்கள் உப்பைத் தின்றவள், பொய் சொல்லமாட்டாள்.

சின்னவன் சின்ன வயதிலிருந்தே சீக்கிரம் புரிந்துகொள்ளும் பிள்ளை. கொஞ்ச நேரம் கழித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்: "உன்கிட்ட... இருக்கு... இல்ல?"

"இருக்கு. பன்னெண்டு அடிக்கட்டும், தரேன்."

"நான் ஓட்டுப் போடல. போகவே இல்ல. திற, அக்கா."

இதை நான் மறைக்கவில்லை, ஐயா. அவன் வாக்குக் கொடுத்தான். ஆனால் மூச்சு முட்டுகிறவன் கொடுக்கும் வாக்கு வாக்காகாது. குழாயை வாயில் வைத்தால் பத்தாவது நிமிடம் எழுந்து நடப்பான், ஐந்து நிமிடத்தில் மன்றத்தில் இருப்பான். அங்கே ஊர் முழுக்கப் பார்த்திருக்க அண்ணனை நாற்காலியிலிருந்து தம்பியின் கை கீழே இறக்கும். தெருக் கூட்டுகிறவள் அதைப் பார்த்துச் சிரிப்பாள். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் வீட்டுக்குள்தான் நடந்திருக்கிறது.

பதினொன்று நாற்பதுக்குச் சத்தம் நின்றது. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். இந்தத் தடவை சீக்கிரம் அடங்கிவிட்டதே என்று நிம்மதியாகக்கூட இருந்தது. இழுப்பு அடங்கித் தூங்குகிற பிள்ளையை எழுப்பக்கூடாது. அது எனக்குப் பழக்கம். நாற்பத்து நாலு வயதுக்காரனின் இதயம் நாலு வயதுப் பிள்ளையின் இதயம் இல்லை என்று பிறகு டாக்டர் சொன்னார். எனக்கு அது யாராவது சொல்லித்தான் தெரியவேண்டியிருந்தது. என் கணக்கில் அவனுக்கு வயது ஏறவே இல்லை.

பன்னிரண்டு அடித்தது. மணி ஓயும்வரை இருந்துவிட்டு உள்ளே போனேன். கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தான். அங்கி ஒரு கையில் மட்டும் ஏறியிருந்தது. குழாயை அவன் வாயில் வைத்து அழுத்தினேன். நிறைய நேரம் அழுத்தினேன். தையல்காரர் படியேறி வந்து, "அம்மா, அசல் கறுப்பு கிடைச்சிருச்சு" என்றார். பிறகு நூலைக் கீழே போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

நான் கீழே வந்தபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அவன் மனைவி. மூச்சுவிடாமல் பேசினாள்.

"அண்ணி, தீர்மானம் ஜெயிச்சிருச்சு. ஆறுக்கு ஆறு நின்னுது. எங்க ஆளுங்க தலையில கைய வச்சுக்கிட்டாங்க. பெரியவரு எழுந்தாரு அண்ணி. 'என் தம்பி ஏன் வரலன்னு எனக்குத் தெரியும். எனக்கெதிரா கை தூக்க அவனுக்கு மனசு வரல. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். அதனால அவன் கையையும் நானே தூக்குறேன்' அப்படின்னு சொல்லி எங்க பக்கம் தூக்கிட்டாரு. இவரு ஏன் வரலன்னு கதவையே பாத்துக்கிட்டிருந்தேன், அப்பத்தான் எனக்கும் புரிஞ்சுது. மன்றமே எழுந்து நின்னுச்சு. அவரக் கூப்பிடுங்க, நானே சொல்றேன்."

"தூங்குறான்" என்றேன்.

"இப்பவா? நல்ல ஆளு. எழுப்புங்க அண்ணி."

என்னால் எழுப்ப முடியவில்லை. தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். அவள் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் யாரோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூச்சிரைப்பில் இறந்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அது தவறில்லை. ஐந்து பேர் குழு வந்தது. ஒன்பதாவது வார்டுக்குக் குழாய் எங்கள் தெரு வழியாகத்தான் போனது. வேலையாட்கள் எங்கள் சுவர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரியவன் காரியம் முடிந்த மறுநாள் இரண்டு பெட்டியுடன் வாடகை வீட்டுக்குப் போய்விட்டான். சமையல்காரம்மா அவனிடம் சொல்லியிருக்கவேண்டும். என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பதினோரு மாதம் கழித்து உங்களிடம் மனுக் கொடுத்தது அவன்தான் என்று அறிந்தேன். சரியான காரியம். அப்பாவாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்.

நான் செய்ததில் பலன் இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். நாற்காலி போய்விட்டது, பிள்ளையும் போய்விட்டான். ஆனால் ஊர் முன்னால் அண்ணனும் தம்பியும் ஒருவருக்கு எதிராக ஒருவர் கை தூக்கவில்லை. அது மட்டும் நடக்கவில்லை. அதைத்தான் நான் தடுக்க நினைத்தேன், தடுத்தேன்.

கடைசியாக ஒன்று. ஊரில் என்னென்னவோ பேசுகிறார்கள். அங்கியில் விஷம் தடவினேன் என்கிறார்கள். அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஆனால் சின்னவனை அறைக்குள் வைத்துப் பூட்டினேன் என்று ஒரு பேச்சு இருக்கிறது. உங்கள் காகிதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகளைப் பூட்டி வைக்கும் வழக்கம் இல்லை. அந்தக் கதவுக்குப் பூட்டும் கிடையாது, வெளியே தாழ்ப்பாளும் கிடையாது. வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. பன்னிரண்டு அடிக்கும்வரை நான் அதில் முதுகைக் கொடுத்து நின்றிருந்தேன்.